வளரும் குடியிருப்புக்கு ஓர் உள்ளரங்கம்: எதை இப்போதே செய்வது, எதைப் பிறகு சேர்ப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் குடியிருப்பில் இப்போது ஏறக்குறைய ஆயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்த கட்ட வீடுகள் முடிந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். பொது நிலத்தில் உள்ளரங்கம் ஒன்று கட்ட முடிவாகி, திட்டக்குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இறகுப்பந்து ஆடுபவர்கள் நான்கு களங்கள் கேட்கிறார்கள், இளைஞர்கள் கூடைப்பந்து கேட்கிறார்கள், இன்னொரு சாரார் நீச்சல் குளம் இல்லாமல் என்ன அரங்கம் என்கிறார்கள். கையிலுள்ள பணம் இவற்றில் பாதிக்குத்தான் காணும். இப்போதைக்குச் சிறிதாகக் கட்டிவிட்டுப் பிறகு பெரிதாக்கலாம் என்பது குழுவில் பெரும்பாலோர் கருத்து. இது சரிப்பட்டு வருமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன். பிறகு பெரிதாக்கலாம் என்பது நீளத்துக்குப் பொருந்தும், உயரத்துக்குப் பொருந்தாது. ஏற்றிவிட்ட கூரையை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்துவதும் புதிதாகக் கட்டுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். கூடைப்பந்து, கைப்பந்து விதிகள் இரண்டுமே களத்துக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் தடையற்ற வெளியைக் கேட்கின்றன. இந்த உயரத்தைத் தரையிலிருந்து கூரைவரை அளக்கக் கூடாது. விளக்கோ உத்திரமோ காற்றுக் குழாயோ, எது மிகத் தாழ்வாகத் தொங்குகிறதோ அதுவரைதான் அளக்க வேண்டும். வரைபடத்தில் 7.5 மீட்டர் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஏசி குழாயை 6 மீட்டரில் தொங்கவிட்ட அரங்கம் ஒன்றில் நானே ஆடியிருக்கிறேன். உயரத் தூக்கி அடித்த ஷட்டில் எல்லாம் குழாயில் மோதிக் காலடியில் விழும்.

பரப்புக்கு இங்கிலாந்தில் பரவலாகப் பின்பற்றப்படும் நான்கு களக் கூடத்தை மாதிரியாகக் கொள்ளலாம்: 34.5 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 7.5 மீட்டர் உயரம். 13.4-க்கு 6.1 மீட்டர் அளவுள்ள இறகுப்பந்துக் களங்கள் நான்கு அதில் பக்கம் பக்கமாக அமையும். அதே தரையில் 28-க்கு 15 மீட்டர் கூடைப்பந்துக் களமும், சுற்றிலும் 2 மீட்டர் விட்டு, அடங்கிவிடும்.

வளர வேண்டிய பக்கத்துக் கடைசிச் சுவரைப் பாரம் தாங்கும் சுவராகக் கட்டாதீர்கள். அங்கும் நடுவில் உள்ளதைப் போன்ற, தூணும் உத்திரமும் சேர்ந்த முழுச் சட்டகத்தையே நிறுத்தி, அதன் அடித்தளத்தை இரு பக்கப் பாரத்துக்கும் கணக்கிட்டு, வெறும் தகடால் மூடிவைத்தால், பின்னர் தகட்டைக் கழற்றிக் கூடத்தை நீட்டலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால், எத்தனை களம் என்பதற்கு முன் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். அரங்க நிர்வாகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எல்லோருக்கும் வேண்டியது மாலையில் கிடைக்கும் அந்த நான்கு மணி நேரங்கள்தான். நான்கு களங்கள், வாரத்தில் ஐந்து மாலைகள் என்றால் 80 களமணிகள். ஒரு களத்தில் ஒரு மணிக்கு நால்வர் வீதம் 320 பேர் ஆடலாம். ஒருவரே வாரத்துக்கு இருமுறை வந்தால் 160 பேரோடு முடிந்தது. இரண்டு மாலைகளைக் கூடைப்பந்துக்குக் கொடுத்தால், இறகுப்பந்துக்கு 320 இடங்கள் 192 ஆகிவிடும். இந்தக் கணக்கை முன்வைத்துப் பேசினால் கூட்டத்தில் பாதிச் சண்டை குறையும்.

நீச்சல் குளத்தை இதே கட்டடத்துக்குள் வைக்க வேண்டாம். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 4.7 லட்சம் லிட்டர் தண்ணீர். யாரும் நீந்தாத நாளிலும் வடிகட்டியும் ஈரம் நீக்கும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குளோரின் கலந்த ஈரக்காற்று இரும்பை அரிக்கும். மரத்தளத்துக்கும் அந்த ஈரம் ஆகாது.

எல்லோரும் மறப்பது சாமான் அறையை. கூடப் பரப்பில் எட்டில் ஒரு பங்கையாவது அதற்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் டேபிள் டென்னிஸ் மேசைகளும் வலைக் கம்பங்களும் களத்தின் ஓரத்திலேயே நிற்கும், பின்னோக்கி ஓடி வருபவர் அவற்றின் மேல்தான் விழுவார்.

மறுமொழி 3

பயிற்சியாளர் பார்வையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். கான்கிரீட்டின் மேல் மெல்லிய விரிப்பை ஒட்டிவிட்டு விளையாட்டுத் தளம் என்று சொல்வதை ஏற்காதீர்கள்; முழங்கால்தான் விலை கொடுக்கும். ஐரோப்பியத் தரநிலையான இ.என். 14904-இன்படி, கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் தளம் குறைந்தது 25 சதவீத அதிர்ச்சியையாவது உள்வாங்க வேண்டும். மரத்தளத்தைப் பிறகு போடுவதானாலும், அதன் கனத்துக்கு ஏற்ற பள்ளத்தைக் கான்கிரீட் போடும்போதே விட வேண்டும். கைப்பந்துக் கம்பங்களுக்கான குழிகளும் அப்படியே. பின்னால் உடைத்துத் துளையிட்டால் தளம் பழைய தளமாக இராது.

ஒரு ஷட்டிலின் எடை ஏறக்குறைய 5 கிராம்தான். மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ நேராக வந்தால் அது கோட்டை விட்டு விலகிவிடும். ஆகவே காற்றுத் திறப்புகளைக் களத்தை நோக்கி வைக்கக் கூடாது. விளக்குகளையும் களத்தின் நேர் மேலே மாட்டாமல் களங்களுக்கு இடையே மாட்டுங்கள். பெரிய சன்னல்கள் அழகுதான், ஆனால் களத்தின் முனைகளில் இருந்தால் மாலை வெயிலில் எதிராளி கண்ணுக்கே தெரியமாட்டார். சுவருக்கு வெள்ளை அடிக்காதீர்கள், மங்கலான பச்சையோ நீலமோ போதும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இவற்றைப் படித்தபின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கழிப்பறைகளும் மின்சார அறையும் கிழக்குச் சுவரை ஒட்டி இருக்கின்றன. பிற்பாடு நீட்டக் காலியிடம் இருப்பதும் அந்தப் பக்கம் மட்டும்தான். உயரம் 8 மீட்டர் என்று எழுதியிருக்கிறது, ஆனால் அது கூரை முகட்டின் உயரம். உத்திரத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் வரும் என்று எந்தத் தாளிலும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் இந்த இரண்டையும் வரைந்தவரிடம் எழுத்து மூலம் கேட்கப் போகிறேன். குளம் கேட்பவர்களிடம் 4.7 லட்சம் லிட்டர் கணக்கைச் சொல்லும் பொறுப்பையும் என் தலையில்தான் கட்டுவார்கள் என்று தோன்றுகிறது.