ஹிஸ்டரி ஃபர்ஸ்ட் இயர் அசைன்மென்ட்: தாத்தாவோட பாஸ்போர்ட் பிரைமரி சோர்ஸ் ஆகுமா?

கொளப்பள்ளி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் நீலகிரில பந்தலூர் பக்கம். ப்ளஸ் டூல காமர்ஸ், இப்போ பி.ஏ. ஹிஸ்டரி முதல் வருஷம் (கவுன்சிலிங்ல இதுதான் கெடச்சது, உள்ளத சொல்லிடறேன்). முதல் யூனிட்டே சான்றுகள்தான், கல்வெட்டு நாணயம் இலக்கியம் அயல்நாட்டார் குறிப்புன்னு நோட்ஸ்ல இருக்கறத அப்டியே மனப்பாடம் பண்ணிட்டேன், அதுல பிரச்சன இல்ல. இப்போ மேடம் இன்டர்னலுக்கு, உங்க ஊர் வரலாற ஒரு பிரைமரி சோர்ஸ் (அந்த காலத்துலயே உண்டான நேரடி சான்று) வெச்சு அஞ்சு பக்கம் எழுதிட்டு வாங்க, நெட்லருந்து எடுத்தா வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. எங்க ஊருக்கு என்னங்க வரலாறு, டேன்டீ (கவர்மென்ட் தேயில தோட்டம்) தொழிலாளிங்க லைன் வீடு இருக்கு, ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு, ரேஷன் கடை இருக்கு, அவ்ளோதான்.

வீட்ல தகரப்பெட்டில தாத்தாவோட பழைய பாஸ்போர்ட் இருக்கு, சிலோன்லருந்து வந்தப்போ உள்ளது. தாத்தா இப்ப இல்ல. சிலோன் தோட்டத் தமிழர்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி ஒப்பந்தத்துல தனுஷ்கோடில வந்து எறங்கினோம்னு நான் சின்னதா இருக்கும்போது நூறு தடவ சொல்லிருப்பாரு. இத வெச்சு எழுதலாமா, இல்ல எல்லாரும் மாதிரி ஊட்டிய உருவாக்கின வெள்ளக்கார கலெக்டர் சல்லிவன் பத்தி எழுதிட்டு போயிடவா?

மலைரயில்:
தம்பி சல்லிவனே எழுது. 1819ல மேல வந்தாரு, ஊட்டில கல் பங்களா கட்டினாரு, ஏரி வெட்டினாரு, 1868ல நீலகிரி கோயம்புத்தூர்லருந்து தனியா பிரிஞ்சுது, 1899ல குன்னூர் வர ரயிலு, 1908ல ஊட்டி வர. அஞ்சு பக்கம் ஓவர். இன்டர்னல் மார்க்குக்கு இவ்ளோ யோசிக்காத, நாங்கல்லாம் இப்டித்தான் பாஸ் ஆனோம்.

குன்னூர்க்காரி:
மேல சொன்னவரு சொன்னது எல்லாமே யாரோ எழுதின புக்லருந்து இன்னொருத்தர் எழுதினது. சல்லிவன் எழுதறதுன்னா அவரோட கடிதத்தையோ, அப்போ கவர்மென்ட்டுக்கு அவர் அனுப்பின ரிப்போர்ட்டையோ எடுத்து படிச்சுட்டு எழுதணும், அப்பதான் பிரைமரி. கல் பங்களா ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜ் காம்பவுண்டுக்குள்ளயே இருக்கு, அத போய் பாத்துட்டு எழுதினாலும் பரவால்ல. அப்புறம் "ஊட்டிய சல்லிவன் கண்டுபிடிச்சார்"னு மட்டும் எழுதிடாதீங்க, அத படிச்சாலே எனக்கு பத்திகிட்டு வரும். 1117ஆம் வருஷத்து சாம்ராஜ்நகர் கல்வெட்டுலயே இந்த மலையோட பழங்குடி தொதவர் பேரும் நீலமலை பேரும் வந்தாச்சு.

தம்பி பாஸ்போர்ட்டே எழுதுங்க. ஆனா ஒண்ணு இடிக்குது. சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் கடைசில. தனுஷ்கோடி புயல்ல போனது அதே வருஷம் டிசம்பர்ல. ஒப்பந்தப்படி ஜனங்க வர ஆரம்பிச்சது அதுக்கும் சில வருஷம் கழிச்சு. அப்போ தாத்தா எப்டி தனுஷ்கோடில எறங்கிருப்பாரு? பாஸ்போர்ட்ல முத்திர இருக்கும், எடுத்து பாருங்க.

கொளப்பள்ளி_பையன்:
அக்கா பாத்தேன். அட்ட தனியா கழண்டு கெடக்கு. உள்ள தாத்தா, அப்பாயி, எங்கப்பா, ரெண்டு அத்த எல்லாரும் ஒரே போட்டோல நிக்கறாங்க, அப்பா கால்ல செருப்பு இல்ல. கண்டில குடுத்த பாஸ்போர்ட். முத்திர பாதி அழிஞ்சிருக்கு, டார்ச் அடிச்சு சாச்சு பாத்தா ராமேஸ்வரம் 1971ன்னு தெரியுது. பின்பக்கம் மண்டபம் கேம்ப் (சிலோன்லருந்து வந்தவங்கள மொதல்ல தங்க வெச்ச எடம்) சீல் ஒண்ணு இருக்கு.

அப்போ தாத்தா சொன்னது பொய்யா? இத எழுதினா மேடம் என்ன நெனப்பாங்க, பேசாம தனுஷ்கோடிய விட்டுட்டு ராமேஸ்வரம்னு மட்டும் எழுதிடறேன்.

கெஸ்ட்_லெக்சரர்:
தம்பி அத மட்டும் பண்ணிடாத. நான் வேற காலேஜ்ல இதே பேப்பர்தான் எடுக்கறேன், அறுபது பேர் கிளாஸ்ல இந்த மாதிரி ஒரு அசைன்மென்ட் வந்தா அன்னிக்கு எனக்கு தீபாவளி. ரெண்டு சான்று முட்டிகிட்டா ஒண்ண தூக்கி ஒளிச்சு வெக்கறது நம்ம வேல இல்ல. முத்திர எங்க எப்ப எறங்கினாருன்னு சொல்லுது, அதுக்கு அத நம்பலாம். அவரு ஏன் தனுஷ்கோடின்னு சொன்னாருன்னு முத்திர சொல்லாது, அதுக்கு வீட்ல இருக்கறவங்ககிட்டதான் போகணும்.

முத்திரைன்னா எல்லாம் சரியா இருக்கும்னும் நெனச்சுடாத. அதுல உங்கப்பாவுக்கு போட்டிருக்கற வயச அவரோட ஸ்கூல் சர்டிஃபிகேட்டோட ஒத்து பாரு, ஏதோ ஒரு கிளார்க் குத்துமதிப்பா எழுதினதா இருக்கலாம். குன்னூர்க்காரி சொன்ன கல்வெட்டும் அப்டித்தான், ஹொய்சள விஷ்ணுவர்தனோட தளபதி புணிசன் தொதவர பயமுறுத்தினான்னு அவன் ஆளே வெட்டி வெச்சது. தொதவர்கிட்ட எழுத்து கெடையாது, அவங்க பக்கத்து கதை அந்த கல்லுல இல்ல. உனக்கு அப்டி இல்ல பாரு, பேப்பரும் இருக்கு வாய்ப்பேச்சும் இருக்கு.

பின்னணிக்கு ஒரு பத்தி போதும்: ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்த இந்திய வம்சாவளி ஜனங்க 9,75,000 பேர்னு கணக்கு போட்டாங்க, 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கறதுன்னும் 3,00,000 பேர சிலோன் எடுத்துக்கறதுன்னும் முடிவாச்சு, மிச்சம் 1,50,000 பேர 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க. அப்டி வந்தவங்களுக்கு வேல குடுக்கத்தான் 1968ல நீலகிரில கவர்மென்ட் தேயில தோட்டம் போட்டுது, அதுதான் உங்க லைனு. ஊருக்கு வரலாறு இல்லன்னு எழுதிருந்தியே, அந்த வரிய வாபஸ் வாங்கிக்க. ஆமா, அப்பாயி இருக்காங்களா?

கொளப்பள்ளி_பையன்:
இருக்காங்க சார், காது கொஞ்சம் மந்தம். நேத்து ராத்திரி அடுப்படில ஒக்காந்து கேட்டேன். மொதல்ல சிரிச்சாங்க. தாத்தா சின்ன பையனா இருக்கும்போது அவரோட அப்பா கூட புதுக்கோட்டை பக்கம் சொந்த ஊருக்கு திருவிழாவுக்கு வந்துட்டு போயிருக்காரு, அப்போ போறதும் வர்றதும் தனுஷ்கோடி வழிதான். ரயில்லருந்து எறங்கி நேரா கப்பலாம். ஊர்னா அவருக்கு அந்த தனுஷ்கோடிதான் ஞாபகமாம். 71ல ராமேஸ்வரத்துல எறங்குனதும் தனுஷ்கோடிக்கு எப்டி போகணும்னு கேட்டிருக்காரு. கடல் கொண்டு போயிருச்சு பெரியவரேன்னு சொல்லிருக்காங்க. தாத்தா நம்பலயாம். மண்டபம் கேம்ப்ல இருந்த நாள் பூரா வர்றவன் போறவன்கிட்டல்லாம் கேட்டுகிட்டே இருந்தாராம்.

அஞ்சு பக்கம் பத்தாது போல சார். அப்பாயி சொன்னத அடிக்குறிப்புல எப்டி போடறது?

கெஸ்ட்_லெக்சரர்:
வாய்மொழி நேர்காணல்னு போட்டு பேரு, வயசு, ஊரு, பேசின தேதி. பேர் போடலாமான்னு அப்பாயிகிட்ட மொதல்ல கேட்டுக்க. அப்புறம் போன்ல ரெக்கார்ட் பண்ணு தம்பி, இன்னிக்கே.

மலைரயில்:
சரி சரி, சல்லிவன விட்டுடு.