144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் பழைய கார்டும்

என்னிடம் இருந்தது கணினியில் படத்தை வரையும் 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டும், 60 ஹெர்ட்ஸ் 1080பி (1920×1080 பிக்சல்) மானிட்டரும். 2022இன் இறுதியில் சேர்த்து வைத்திருந்த பணம் இரண்டில் ஒன்றை மாற்றத்தான் போதுமானதாக இருந்தது. நானும் தம்பியும் அப்போது பெரும்பாலும் வேலோரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைத்தான் ஆடுவோம். அதில் எஃப்பிஎஸ் (கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) 150ஐ ஒட்டியே நின்றாலும், மானிட்டர் நொடிக்கு 60 முறைக்கு மேல் படத்தைப் புதுப்பிக்காது என்பதால், கார்டு வரைந்ததில் பாதிக்கும் மேல் வீணாகத்தான் போனது. ஆகவே சென்னை ரிச்சி தெருவில் 27 அங்குல, 1440பி (2560×1440 பிக்சல்), 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை வாங்கி, பெட்டியை ஆட்டோவில் கட்டிப்பிடித்தபடி வீடு வந்தேன்.

அன்றிரவு ஆடியபோது எந்த வேறுபாடும் தெரியவில்லை. டிஸ்பிளே செட்டிங்கைத் திறந்து பார்த்த தம்பிதான், "அண்ணா, இது இன்னும் அறுபதுலயே ஓடுது" என்றான். மாற்றிய பிறகு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான 16.7 மில்லி விநாடி 6.9 ஆகக் குறைந்தது. சுவரோரம் எட்டிப்பார்க்கும் எதிரி திடீரெனத் தோன்றாமல், நகர்ந்து வருவது தெரிந்தது.

நான் செய்த பிழை 1440பியைத் தேர்ந்தெடுத்ததுதான். 1080பியில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்களை வரைந்த கார்டு, இங்கே சுமார் 36.9 லட்சம் பிக்சல்களை வரைய வேண்டியிருந்ததால், சைபர்பங்க் 2077 ஆட்டத்தில் 30 எஃப்பிஎஸ்கூடக் கிடைக்கவில்லை. 1080பிக்கு இறக்கினாலோ, படம் சரியான மடங்கில் பொருந்தாமல் இழுபட்டு, எழுத்துகள் மங்கின. 1080பியிலேயே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

*

மேலே எழுதிய நண்பருக்கு நேர்மாறாக, நான் கார்டைத்தான் மாற்றினேன். எனக்குப் போட்டி ஆட்டங்களில் நாட்டமில்லை. எல்டன் ரிங் ஆடவேண்டும் என்பதே ஆசை. அந்த ஆட்டமே 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகாதபோது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்து நான் என்ன செய்வது? என்னிடமிருந்த 1050 டிஐ, அந்த ஆட்டத்துக்குக் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவையே எட்டாத கார்டு.

ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கி வந்து கேபினட்டைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பழைய கார்டு மதர்போர்டிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் வகை; புதியதற்கோ தனியாக 8 பின் இணைப்பு வேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் என் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே இல்லை. புதிய கார்டு மூன்று நாள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிய பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்கினேன்.