வாஷிங் மெஷினுக்குள் போன அம்மாவின் தோடு

கேள்வி:
அம்மாவின் தோடு ஒன்று நைட்டியோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. முன்பக்கம் கதவு உள்ள மெஷின். டிரம்மைக் கையால் சுற்றினால் அடியில் 'கிணுக்' என்று சத்தம் வருகிறது, ஆனால் கண்ணில் படவில்லை. அப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்த தோடு. அம்மா 2 நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் தம்பி. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பில் விரலை விட்டுத் துழாவுங்கள். அப்புறம் முன்பக்கம் கீழ் மூலையில் சின்ன மூடி இருக்கும். உள்ளே பம்ப் ஃபில்டர், தண்ணீரோடு வரும் சின்னப் பொருட்கள் அதில்தான் சிக்கும். திறந்தால் தண்ணீர் கொட்டும், தட்டும் துணியும் வையுங்கள்.

பதில் 2:
சத்தத்தைப் பார்த்தால் டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே கிடக்கிறது. பல மெஷின்களில் ஹீட்டர் தொட்டியின் அடியில்தான் இருக்கும். அதைக் கழற்றினால் அந்தத் துளை வழியாக எடுக்கலாம். இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஹீட்டரின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் ஒழுகும். அதுவரை மெஷினைப் போடவே வேண்டாம், தொட்டி சேதமாகலாம்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது அக்கா! திருகாணி ஃபில்டரில் இருந்தது. தோட்டை மெக்கானிக் அண்ணன் ஹீட்டர் துளை வழியாக வளைந்த கம்பியால் இழுத்தார், கூடவே 2 ரூபாய் நாணயம் ஒன்றும் வந்தது. அம்மா அங்கேயே நின்று போட்டுக்கொண்டார்.