லோயரிங் ஸ்ப்ரிங் போட்டபின் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது

சாம்பல் ஹேட்ச்பேக்:

வணக்கம். என் ஹேட்ச்பேக்கில் 30 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்ப்ரிங் நான்கும் போட்டாயிற்று. முன்னால் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் மல்டி லிங்க் (பல ஆர்ம்கள் சேர்ந்து வீலைப் பிடிக்கும் அமைப்பு). பின்பக்க ஸ்ப்ரிங் ஷாக் அப்சார்பரோடு சேராமல் தனியாகக் கீழ் ஆர்மின் (வீலைப் பாடியோடு இணைக்கும் இரும்புக் கை) மேல் உட்காரும் வகை. ஷாக் அப்சார்பர்கள் பழையவைதான், எதிலும் கசிவு இல்லை. வேலையைச் செய்தது ஒரு ஒர்க்‌ஷாப்.

வண்டி நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனால் நேராக நிற்கவில்லை. தரையிலிருந்து வீல் ஆர்ச் (வீலுக்கு மேல் வளைந்திருக்கும் பாடி) விளிம்புவரை டேப் வைத்து அளந்தேன். முன்பக்கம் ஓட்டுநர் பக்கம் 640, அடுத்த பக்கம் 625. பின்பக்கம் ஓட்டுநர் பக்கம் 632, அடுத்த பக்கம் 630. எல்லாம் மி.மீ.

"ஓட ஓடத் தானாக உட்கார்ந்துவிடும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். நன்றாக ஓட்டிப் பார்த்தாயிற்று, மாற்றமே இல்லை. இப்போது தாழ்ந்த பக்கம் ஸ்ப்ரிங்கோடு ரப்பர் ஸ்பேசர் (உயரம் கூட்டும் துண்டு) வைத்துவிடலாம் என்கிறார்கள். பார்க்க நேராக இருந்தால் மட்டும் போதாது, வண்டி சரியாகவும் ஓட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

இரட்டைக் குழல்:

என் வண்டியிலும் இதே கதைதான். முன்பக்கம் ஸ்ப்ரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்ததும் நேராகிவிட்டது. செலவு குறைவு, பெரிதாக யோசிக்க வேண்டாம்.

17 ஸ்பேனர்:

நண்பரே, ஸ்பேசர் இப்போது வேண்டாம். முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். முன்னால் 15 வித்தியாசம், பின்னால் 2. காரின் பாடி ஒரே இரும்புப் பெட்டி. முன்பக்கம் எவ்வளவு சாய்கிறதோ, பின்பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு சாய்ந்தாக வேண்டும். 13 மி.மீ. முறுக்கிக்கொண்டு நிற்கும் அளவுக்கு அது இளகியது இல்லை. அப்படியென்றால் அளவில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. தரை சமமாக இல்லாமல் இருக்கலாம், டயர்களில் காற்று வேறு வேறாக இருக்கலாம், அல்லது ஒரு ஃபெண்டரே (வீலுக்கு மேல் உள்ள பாடித் தகடு) சற்று ஏற்றி மாட்டப்பட்டிருக்கலாம். இதைப் பிரித்தறியாமல் ஸ்பேசர் வைத்தால், தரையின் சாய்வுக்கு வண்டியைத் திருத்துவதாகிவிடும்.

மறுபடி அளங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் அளக்கவே கூடாது. டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்தபடி நிற்கும், வண்டி உயரமாகவே தெரியும். தரையைக் கணக்கில் எடுக்காமல் வீலின் நடுப்புள்ளியிலிருந்து ஆர்ச் விளிம்புவரை அளங்கள். டயர் தேய்மானமும் காற்றும் இந்த அளவைத் தொடாது. அப்புறம் வண்டியைத் திருப்பி, மூக்கு இருந்த இடத்தில் வால் வரும்படி அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை. சாய்வு பக்கம் மாறினால் குற்றம் தரையுடையது. ஃபெண்டர் மேல் சந்தேகம் இருந்தால் கதவுக்குக் கீழே ஜாக் வைக்கும் இரும்பு விளிம்பின் உயரத்தை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூட், டேங்க் இரண்டையும் கவனியுங்கள். 40 லிட்டர் பெட்ரோல் சுமார் 30 கிலோ, டேங்க் பல வண்டிகளில் நட்டநடுவில் இருப்பதில்லை.

இன்னொன்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாருங்கள், எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்: எந்தெந்த போல்ட்டைக் கழற்றினார்கள், திரும்ப இறுக்கும்போது வீல் தரையில் இருந்ததா, அந்தரத்தில் தொங்கியதா?

சாம்பல் ஹேட்ச்பேக்:

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே அளந்தேன். தரையில் சாய்வு இருந்தது உண்மைதான். திருப்பி நிறுத்தியும் பார்த்து, வீல் நடுவிலிருந்து கிடைத்த அளவு: முன் 346 / 337, பின் 340 / 332. முதலில் இருப்பது ஓட்டுநர் பக்கம். இப்போது இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒரே சாய்வு.

ஒர்க்‌ஷாப்பிலும் கேட்டேன். ஓட்டுநர் பக்க ஸ்ட்ரட் நக்கிளில் (வீலைத் தாங்கும் இரும்புப் பாகம்) இறுகிப்போய் வரவில்லையாம், அதனால் அந்தப் பக்க லோயர் ஆர்மின் உள் போல்ட்டுகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். மறுபக்கம் அதைத் தொடவில்லை. பின்னால் இரண்டு பக்கமும் ஆர்ம் போல்ட்டுகள் கழற்றப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் வண்டி லிஃப்டில், வீல்கள் தொங்கும்போதே இறுக்கினார்கள்.

17 ஸ்பேனர்:

முன்னால் 9, பின்னால் 8 வித்தியாசம். இது நம்பக்கூடிய அளவு. நீங்கள் கேட்டு வந்த பதிலில் பாதி விடையும் இருக்கிறது.

லோயர் ஆர்ம் புஷ் (அந்த உள் போல்ட் போகும் இணைப்பு) சுழலும் பேரிங் அல்ல. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒன்று, இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர் நடுவில். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஆர்ம் மேலே கீழே போவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். வீல் தொங்கும்போது இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு. வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுகி, ஆர்மைக் கீழே அழுத்திப் பாடியைத் தூக்கிப் பிடிக்கும். உங்கள் வண்டி 30 மி.மீ. இறங்கியிருப்பதால் முறுக்கு இன்னும் அதிகம். முன்னால் ஒரு பக்கம் மட்டும் இப்படி இறுக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பக்கம்தான் உயரம். இது ஓட ஓட உட்காராது, ரப்பர்தான் சீக்கிரம் கிழியும். பின்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி தவறாக இறுக்கப்பட்டதால் சாய்வில் தெரியாது, அதையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

செய்யும் முறை: நான்கு வீலும் தாங்கும் ராம்ப் அல்லது நான்கு தூண் லிஃப்ட். வண்டியின் எடை வீல்மேல் இருக்கும்போது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், உருவ வேண்டாம். பாடியை அமுக்கி அமுக்கி விடுங்கள், கொஞ்சம் உருட்டுங்கள். பிறகு சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். அப்படிக் கை எட்டாத போல்ட் என்றால், பாடியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, அடியில் ஜாக் கொடுத்து ஆர்மை ஏற்றி, வீல் நடுவிலிருந்து ஆர்ச்வரை உள்ள தூரம் வண்டி தரையில் நிற்கும் அளவுக்கு வந்தபின் இறுக்கலாம். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள்.

அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் பார் (இடம் வலம் வீல்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க் இரண்டையும் கழற்றிவிட்டு ஒருமுறை அளங்கள். பார் முறுகி நின்றால் அப்போதே தெரிந்துவிடும்.

அப்படியும் சாய்வு மிஞ்சினால் ஸ்ப்ரிங்கைப் பாருங்கள். கம்பியின் முனை தட்டில் உள்ள தடுப்பில் முட்டி நிற்கிறதா, ரப்பர் பேட் இரு பக்கமும் இருக்கிறதா, ஸ்ட்ரட் நக்கிளுக்குள் கடைசிவரை இறங்கியிருக்கிறதா. கழற்றவே சிரமப்பட்ட ஸ்ட்ரட் திரும்பப் போகும்போது முழுதாக இறங்காமல் நின்றிருக்கலாம், அந்த மூலை அவ்வளவு உயரும். ஸ்ப்ரிங்கில் அச்சடித்த எண் இரு பக்கமும் ஒன்றா என்றும் பாருங்கள். சில வண்டிகளுக்கு இடம் வலம் தனித்தனி ஸ்ப்ரிங்கே உண்டு. கடைசிச் சோதனை, இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டுவது. சாய்வு கூடவே போனால் ஸ்ப்ரிங், போகாவிட்டால் வண்டி.

இரட்டைக் குழல்:

இவ்வளவும் செய்தபின் கொஞ்சம் மிஞ்சினால்? பின்னால் 8 குறைந்தால் 8 மி.மீ. ஸ்பேசர் வைக்கலாம்தானே?

17 ஸ்பேனர்:

வைக்கலாம், ஆனால் 8 அல்ல. முன் ஸ்ட்ரட்டில் ஸ்பேசரின் தடிமனும் வண்டி உயரும் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. இவர் வண்டியின் பின்பக்கம் ஸ்ப்ரிங் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருகிறது. பாதி தூரத்தில் இருந்தால் 5 மி.மீ. ஸ்பேசர் அந்த வீலில் 10 மி.மீ. அசைவாகும்.

அதோடு ஒரு மூலையைத் தனியாக உயர்த்துவது, ஆடும் மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைப்பது போன்றது. அந்த மூலை உயரும், மூலைவிட்டமாக எதிரே இருக்கும் மூலை தாழும், அந்த இரண்டு வீல்மேலும் எடை கூடும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் பிரேக் அடிக்கும்போது நடத்தை மாறலாம். ஸ்பேசர் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் சேர்த்துச் சிறியதாக வையுங்கள். சில வண்டிக் கம்பெனிகளே ஸ்ப்ரிங் ரப்பர் பேடைப் பல தடிமனில் விற்கின்றன, முதலில் அதைத் தேடுங்கள். உயர்ந்த பக்க ஸ்ப்ரிங்கை வெட்டவோ சூடுபடுத்தவோ யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சாம்பல் ஹேட்ச்பேக்:

வேலை முடிந்தது. லிங்க் கழற்றியபோது 1 மி.மீ.தான் மாறியது, அதனால் பார் காரணமில்லை. ராம்பில் ஏற்றி ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் ஓட்டுநர் பக்கம் கண்ணெதிரே இறங்கியது. ஸ்ட்ரட் முழுதாக உட்கார்ந்திருக்கிறது, ஸ்ப்ரிங் முனைகளும் சரி.

இப்போது முன் 340 / 337, பின் 334 / 331. நான் சீட்டில் உட்கார்ந்து நண்பரை அளக்கச் சொன்னேன், முன்னால் இரண்டும் 336. மிஞ்சிய 3-க்கு ஏதாவது செய்ய வேண்டுமா அண்ணா?

17 ஸ்பேனர்:

வேண்டாம், அப்படியே விடுங்கள். நீங்கள் ஏறியதும் சமமாகிறது, அதுதான் வேண்டியது. இறங்கிய உயரத்தில் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் வீலின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே வெளியே திரும்பியிருப்பது) மாறியிருக்கும். வீல் அலைன்மென்ட்டை இப்போது செய்யுங்கள், முன்பே செய்திருந்தாலும் மறுபடி. முடிந்ததும் ஹெட்லைட் ஒளி விழும் உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.