விண் கூவும் பட்டத்துக்கு ஒரு பரிசு

அன்பான வல்வை உறவுகளுக்கு,

இந்தத் தைப்பொங்கலுக்கு நம் ஊர் வல்வெட்டித்துறையில் நின்றேன். பின்னேரம் உதயசூரியன் கடற்கரையில் பட்டத் திருவிழா. கரை முழுக்கச் சனம். கப்பல், விமானம், பறவை என்று விறாந்தை அகலத்துக்குப் பட்டங்கள் எழும்பின. மூங்கிலைச் சீவி வளைத்து, இரண்டு பக்கமும் எடை பார்த்துக் கட்டியிருந்தார்கள் பிள்ளைகள். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டிய ஊர் அல்லவா. பாயும் கயிறும் காற்றும் பழகிய கைகள்.

ஆனாலும் எனக்கு ஒன்று குறைந்தது. ஒலிபெருக்கியில் பாட்டும் அறிவிப்புமாக இருந்ததில், பட்டத்தின் தலையில் கட்டும், காற்றில் கூவும் நார் வில்லான விண் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

எனக்குப் பத்து வயதில், மார்கழியில் வாடை பிடித்ததும் ஊர் முழுக்க அந்தச் சத்தம்தான். கடலில் இருந்து வரும் காற்று என்பதால், கரையில் நின்று ஏற்றும் பட்டம் ஊருக்கு மேலே போய் நிற்கும். அறுந்தால் ஏதாவது பனை வட்டில் சிக்கும். நாங்கள் ஒழுங்கைகளுக்குள்ளால் ஓடுவோம். தரையிலிருந்து கடல் பக்கம் வீசும் சோளகத்தில் அறுந்ததோ கடலோடு போய்விடும்.

பெரியண்ணா கட்டுவது எட்டுமூலைப் பட்டம். தாள் ஒட்ட நறுவிலிப்பழம், விரலெல்லாம் பிசுபிசுக்கும். அதெல்லாம் அரை நாள் வேலை. விண்ணுக்குத்தான் இரண்டு நாள் எடுப்பார். பனை மட்டையில் நார் உரித்து, கத்தியால் சுரண்டிச் சுரண்டி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். ஓரிடத்தில் தடித்திருந்தாலும் விண் அழும் என்பார். நாரை வில்லில் பூட்டி, கையில் பிடித்து வீசிக் கேட்பார். இறுக்கினால் கீச்சிடும், தளர்த்தினால் கம்மும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது. அது வந்ததும் ஒன்றும் பேசாமல் பட்டத்தின் தலையில் வைத்துக் கட்டிவிட்டு, பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சையைச் சரிபார்க்கப் போய்விடுவார்.

இரவு நூலை வேலிப் பூவரசில் கட்டிவிட்டுப் படுப்போம். படுக்கப் போக முன்னம் நான் அந்த நூலைப் பல்லால் மெல்லக் கடித்துப் பார்ப்பேன். விண் கூவுவது மண்டைக்குள்ளே கேட்கும். அம்மா பாயில் கிடந்தபடியே, "பெரியவன்ரை பட்டம் நிக்குது" என்பா. வானத்தில் பத்துப் பதினைந்து பட்டம் கூவினாலும் அவவுக்கு எங்கள் விண் தெரியும். விடியப்புறம் காற்று விழுந்து அது ஓய்ந்தால், அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்பு வரும்.

பிறகு வந்த வருடங்களை எழுதத் தேவையில்லை. கரைக்குப் போக முடியவில்லை, இரவில் வானத்தில் கேட்டது வேறு சத்தம். 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் பட்டத்தைக் கையில் எடுத்து, வெளியூர்ச் சனமும் தேடிவரும் திருவிழாவாக்கியதைப் பார்க்கையில் நெஞ்சு நிறைகிறது.

அதனால்தான் இதைக் கேட்கிறேன். வருடத்துக்கு வருடம் பட்டம் பெருத்துக்கொண்டே போகிறது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டத்தின் கயிற்றோடு ஒருவர் மேலே இழுபட்ட காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அவர் உயிர் தப்பியது பெரும் பாக்கியம். பெரிதாகக் கட்டினால்தான் பரிசு என்று பிள்ளைகள் நினைக்க விடக்கூடாது.

விண்ணுக்கென்று ஒரு தனிப் பரிசு வைப்போம். பொங்கலுக்கு முதல் நாள் இரவு, ஒலிபெருக்கி இல்லாமல், கரையில் ஏற்றட்டும். நாரில் கட்டிய விண்ணாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் நாடா வேண்டாம். இருட்டில் எது யாருடைய பட்டம் என்று தெரியாது. நடுவர்கள் காதால் மட்டும் தீர்ப்புச் சொல்லட்டும்.

முதல் வருடப் பரிசுப் பணம் என் பொறுப்பு. அதைவிட முக்கியம், நார் சுரண்டத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. பெரியண்ணா இப்போது இல்லை. உங்கள் வீட்டில், உங்கள் ஒழுங்கையில் தெரிந்தவர் இருந்தால் எழுதுங்கள். கார்த்திகையிலேயே பிள்ளைகளை அவர்களிடம் அனுப்ப வேண்டும்.