வெட்டுச்சுருக்கும் கட்டுச்சுருக்கும்

அன்பு நண்பர்களுக்கு,

குடல் உள்நோக்கிச் சிகிச்சையில் பயன்படும் ஸ்நேர் (snare), எண்டோலூப் (endoloop) என்ற இரு வளையக் கருவிகளையும் தமிழில் ‘கண்ணி’ என்றே சொல்லலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது மின்சூட்டால் கட்டியை அறுக்கும் கம்பி வளையம். இரண்டாவது கட்டிவிட்டுக் குடலுக்குள்ளேயே விட்டு வருவது. பெயர் மாறினால் சிகிச்சையே மாறிவிடும்.

பெருங்குடல் லிப்போமாவை எடுத்துக்கொள்வோம். சளிப்படலத்துக்கு அடியில் வளரும் கொழுப்புக் கட்டி, புற்று அல்ல. 4 செ.மீ.க்கு மேல் பெருத்தால்தான் பெரும்பாலும் தொல்லை. குடல் அதை உணவுபோலப் பிடித்துத் தள்ள, கட்டியோடு குடலும் அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும். விட்டுவிட்டு வயிற்றுவலி, உப்புசம், அடைப்பு. உள்நோக்கியில் மஞ்சளாக வழவழவென்று தெரியும். மூடிய ஃபோர்செப்ஸால் (இடுக்கி) அழுத்தினால் தலையணைபோலக் குழிந்து எழும்.

இதில் ஸ்நேரை மாட்டிக் கரன்ட் கொடுத்தால் சிக்கல். கொழுப்பில் நீர் குறைவு, மின்சாரம் எளிதில் பாயாது. அறுபடவில்லையே என்று கூடுதல் நேரம் கொடுக்கக் கொடுக்க, சூடு அடிச்சுவரில் இறங்கிக் குடல் ஓட்டையாகும். அதனால்தான் எண்டோலூப். 30 மி.மீ. நைலான் வளையத்தைக் கட்டியின் தலைவழியே மாட்டி, காம்படிக்கு இறக்கி, சிலிக்கான் தடுப்பைத் தள்ளி இறுக்கி, கொக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டும். ரத்த ஓட்டம் நின்று கட்டி ஊதாவாகக் கறுக்கும்; சில நாள் முதல் சில வாரத்துக்குள் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். உதிர்ந்தது பரிசோதனைக்குக் கிடைக்காது. ஆகவே இறுக்கியதும் மேல்படலத்தைக் கீறிச் சதைத்துணுக்கு எடுத்துவிடுவது நல்லது.

எவ்வளவு இறுக்குவது? மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டுபவர் விரலைப் பாருங்கள். நார் தளர்ந்தால் பூ நழுவும், மீறி இழுத்தால் காம்பு அறும். இங்கேயும் அதேதான். மெல்லிய காம்பு அறுந்தால் ரத்தம் கொட்டும். காம்பே இல்லாத அகலக் கட்டியில் இறுக்கினால் தசைச்சுவரும் சேர்ந்து மாட்டும்.

‘சுருக்கு’ நமக்குச் சுருக்குப்பையிலிருந்தே பழகிய சொல். ஸ்நேருக்கு வெட்டுச்சுருக்கு, எண்டோலூப்புக்குக் கட்டுச்சுருக்கு என்பது என் முன்மொழிவு. தடித்த காம்புள்ள அடினோமாவை (புற்றாக மாறக்கூடிய கட்டி) முழுதாக எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும், அங்கே இரண்டும் வேண்டும்: “காம்படியில் கட்டுச்சுருக்கு, சில மி.மீ. மேலே வெட்டுச்சுருக்கு.” இரண்டையும் கண்ணி என்றால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. இடைவெளி விடாமல் ஒட்டி அறுத்தால் கட்டு வழுக்கி வெளியே வந்துவிடும் என்பதையும் சொல்ல முடியாது.

---

டாக்டர், வணக்கம். உங்கள் இரு சொற்களும் சரி. ஆனால் இந்தச் செய்முறைக்குப் பெயராக முன்பு ஒருவர் சொன்ன ‘கட்டிவிடல்’ வேண்டாம். கட்டி என்றால் நோயும் அதுதான், வினையும் அதுதான். “கட்டியைக் கட்டிவிடுவோம்” என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தால் நோயாளி திகைப்பார். கட்டியை அப்படியே விட்டுவிடுவதாகவும் படிக்கலாம். ‘இறுக்கி உதிர்த்தல்’ என்றால் என்ன நடக்கும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. மருவில் குதிரைமுடி கட்டும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று: நோயாளியிடம் ‘சுருக்கு’ வேண்டாம். ‘சுருக்கென்று குத்துகிறது’ என்பது அவர்கள் வலிக்குச் சொல்வது. சுருக்குக் கயிறு என்றாலோ தூக்குதான் நினைவுக்கு வரும். இரு சொற்களும் பாடநூலுக்கும் கருவிப் பட்டியலுக்கும் இருக்கட்டும். படிவத்துக்கு என் வரைவு:

“உங்கள் குடலை அடைக்கும் கொழுப்புக் கட்டியின் காம்பை நைலான் இழையால் இறுக்குவோம். சில வாரங்களில் அது தானே உதிரும். குடல் முழுவதும் அடைபட்டிருந்தாலோ செருகிய பகுதி அழுகியிருந்தாலோ இது உதவாது, அறுவைசிகிச்சைதான். வீட்டுக்குப் போனபின் வயிறு கல்போல இறுகினால், காய்ச்சல் வந்தால், மலத்தில் ரத்தம் நிற்காமல் போனால் உடனே வாருங்கள்.”