மிலிட்டரி பேக் வாங்கலாமா, 1500 ரூபாக்குள்ள?

மலைக்கிறுக்கன்: மக்களே அடுத்த மாசம் பர்வதமலை போறோம், ஆபீஸ் லேப்டாப் பேக்கை மாட்டிட்டு நாகலாபுரம் ட்ரெக்கிங் போனதுல தோள்பட்டை ரெண்டும் கழண்டு போச்சு. பழைய மிலிட்டரி பேக் சீப்பா கெட்டியா இருக்கும்ங்கிறாங்க, நம்பலாமா?

பல்லாவரம்வாசி: சென்னை பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைல தேடுங்க பாஸ், ஆனா காலைலயே போயிடணும். மிலிட்டரின்னு சொல்றதுல பாதி வெறும் பச்சைத்துணி, ஜிப்பை பத்து தடவை இழுத்துப் பாருங்க, பட்டை பையோட சேர்ற இடத்துல தையல் பெட்டி மாதிரி போட்டு நடுவுல பெருக்கல் குறி இருக்கணும், ஒத்தைத் தையல்னா அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க.

கிழவன்: தம்பி, அமெரிக்காக்காரன் அவன் ராணுவத்துக்கு 1973ல கொண்டுவந்த ஆலிஸ் (ALICE) பேக் ஒண்ணு என்கிட்ட இருக்கு. வெளிய அலுமினியம் பிரேம், முதுகுக்கும் பைக்கும் நடுவுல காத்து போகும், நம்ம ஊர் வேர்வைக்கு அது சொர்க்கம். ஆனா காலியாவே கனம், ஒருநாள் மலைக்கு எதுக்கு? 30 லிட்டர் போதும், இடுப்பு பெல்ட் மட்டும் அகலமா இருக்கட்டும், பாரம் இடுப்புல உக்காரணும்.

பல்லாவரம்வாசி: ஆமாண்ணே. அப்புறம் உள்பக்கம் தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா கோட்டிங் போச்சு, தண்ணி இறங்கும். நான் அப்படி ஒண்ணு வாங்கி மழைல மாட்டி புளிசாதம் ரசசாதமாச்சு.

மலைக்கிறுக்கன்: 😂 சரி, கேமோ பிரிண்ட், அதான் ராணுவ டிரெஸ் மாதிரி திட்டுத்திட்டா இருக்குமே, அது எடுக்கலாமா?

கிழவன்: வேணாம்ப்பா, செக்போஸ்ட்ல நிக்க வெச்சு கேள்வி கேப்பான். வெறும் ஆலிவ் கலர் எடு, மழைக்கு உள்ள ஒரு பெரிய குப்பைக் கவர் போட்டுக்கோ.